ஊர் பல, நிறுவனம் ஒன்று

(தொண்டாமுத்தூர் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் உற்பத்தியாளர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)

 

கூடித் தொழில் செய்யவேண்டும் என்று உழவர்களுக்கு எடுத்துரைத்த காலம் ஏறத்தாழக் கடந்துவிட்டது. அதன் நன்மையை நீங்கள் அறிவீர்கள். இன்று நம் முன்னுள்ள கேள்வி வேறு. கூடிய கூட்டம் பெரிதாகும்போது அதை எவ்வாறு நடத்துவது? இருபது பேர் ஒரு களத்தில் அமர்ந்து அரைமணி நேரத்தில் செய்துகொள்ளும் முடிவை, பல ஊர்களில் பரந்திருக்கும் ஆயிரம் பேர் எவ்வாறு செய்வது? இதைப்பற்றியே இன்று சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பெற்ற திருத்தத்தின் வழியே பிறந்தது. கூட்டுறவின் நெறியையும் கம்பெனியின் வாணிப உரிமையையும் ஒன்றாக இணைப்பது அதன் நோக்கம். குறைந்தது 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் அதைத் தொடங்கலாம். ஓர் உழவர் எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்குத்தான். இயக்குநர்கள் 5 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். அன்றாடப் பணியைக் கவனிக்க முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் ஒருவர் வேண்டும்.

நமது மாநிலத்தில் 2017-18-ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம் இதற்கு ஒரு படிவரிசையை அமைத்துக் கொடுத்தது. சிறு, குறு உழவர் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அத்தகைய ஐந்து குழுக்கள், அதாவது 100 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அத்தகைய பத்துக் குழுக்கள் சேர்ந்தால், ஆயிரம் பேர் கொண்ட நிறுவனம். நூறு பேர் குழுவுக்கு 5 இலட்சம் ரூபாய் தொகுப்பு நிதியும் வழங்கப்பெற்றது. நமது தொண்டாமுத்தூர் வட்டாரத்திலேயே 2013-இல் தொடங்கிய வெள்ளியங்கிரி உழவன் உற்பத்தியாளர் நிறுவனம், ஆயிரத்துக்கு மேற்பட்ட உழவர்களைத் தன்பால் கொண்டு வளர்ந்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். ஆகவே நிறுவனம் வளரக்கூடும் என்பதில் ஐயமில்லை. வளர்ந்த பின் அது ஒரே உடலாக இயங்குமா என்பதே கேள்வி.

வளர்ச்சியோடு வரும் தொல்லை

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இது எந்த நிறுவனத்தையும் சுட்டுவதன்று. ஊர்கள் பலவற்றில் பரந்து வளரும் நிறுவனம் எதிலும் இது நிகழக்கூடும்.

புதன்கிழமை காலைக்குள் 10,000 இளநீர் வேண்டும் என்று வெளியூர் வியாபாரி ஒருவர் திங்கட்கிழமை கேட்கிறார். நிறுவனத்தின் அலுவலகம் நல்ல விலைக்குப் பேசி ஒப்புக்கொள்கிறது. மூன்று ஊர்களுக்குப் பகிர்ந்து கணக்கும் எழுதிவிடுகிறது. முதல் ஊருக்கு 4,000. மற்ற இரண்டு ஊர்களுக்கும் தலைக்கு 3,000. ஆனால் முதல் ஊருக்குச் செய்தி சென்று சேர்வது செவ்வாய் மாலை. இரண்டாம் ஊரில் சென்ற வாரந்தான் வெட்டு முடிந்தது. அங்கே பருவம் வந்த காய் இல்லை. மூன்றாம் ஊரில் 5,000 காய் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் 3,000 மட்டுமே கேட்டதால் அவ்வளவே வெட்டுகிறார்கள். புதன்கிழமை லாரி பாதிச் சுமையோடு புறப்படுகிறது. சொன்ன சொல் தவறியது என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். மூன்றாம் ஊரில் மரத்திலேயே விடப்பட்ட காய்கள் வழுக்கை முற்றி, இளநீர் என்று விற்கும் தகுதியை இழக்கின்றன.

இங்கே தவறு செய்தவர் யார்? எவரும் சோம்பலாக இருக்கவில்லை. எவரும் வஞ்சகம் செய்யவில்லை. அலுவலகத்துக்கு விலை தெரியும், தோப்புத் தெரியாது. ஊருக்குத் தோப்புத் தெரியும், விலை தெரியாது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருவரும் தனித்தனியே முடிவு செய்தார்கள். நட்டம் மட்டும் உழவர் தலையில் விழுந்தது.

இந்த நட்டம் அன்றோடு தீர்வதில்லை. இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால், மூன்றாம் முறை அந்த உழவர் தோட்டத்து வாயிலில் வந்து நிற்கும் இடைத்தரகரிடமே காயைக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை கூறுதல் முறையன்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நிறுவனம் ஊர்வாரியாகப் பிளவுபட்டால் கொண்டாடுகிறவர் யார் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு தவறான மருந்துகள்

இத்தகைய இடர் வரும்போது சிலர், "எல்லா முடிவையும் தலைமை அலுவலகமே செய்யட்டும்" என்பார்கள். வேறு சிலர், "ஒவ்வோர் ஊரும் தன் சரக்கைத் தானே விற்றுக்கொள்ளட்டும்" என்பார்கள். முதல் வழியில், நரசீபுரத்துத் தோப்பில் எத்தனை காய் வெட்டலாம் என்பதை அங்கே கால் வைக்காத ஒருவர் சொல்லவேண்டியிருக்கும். இரண்டாம் வழியில், ஆயிரம் பேர் கூடியதால் கிடைத்த பேரம் பேசும் வலிமையை நாமே பத்துத் துண்டாக்கி இழப்போம்.

குஜராத்து மாநிலத்து ஆனந்த் என்னும் ஊர்ப் பால் உற்பத்தியாளர்கள் இந்தக் கேள்விக்குக் கண்ட விடை நமக்குப் பெரிதும் பயன்படும். 1946-ஆம் ஆண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் அவர்களின் தலைமையில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவு பெற்றது. முதலில் அதில் இருந்தவை இரண்டு கிராமச் சங்கங்களே. பின்னர் டாக்டர் வர்கீஸ் குரியன் அவர்களின் நிர்வாகத் திறமையால் அது நாடறிந்த இயக்கமாயிற்று. அவர்கள் வேலையை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். காலையிலும் மாலையிலும் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, உறுப்பினர் கணக்கில் எழுதுவது கிராமச் சங்கத்தின் வேலை. பாலைச் சேகரித்துப் பதப்படுத்துவதும், கால்நடை மருத்துவ உதவியும் தீவனமும் தருவதும் மாவட்ட ஒன்றியத்தின் வேலை. நாடு முழுவதும் விற்பது இணையத்தின் வேலை. அந்த இணையம் தோன்றியது 1973-இல். ஆறு மாவட்ட ஒன்றியங்கள் ஒன்றோடொன்று சந்தையில் போட்டியிட்டு விலையைக் கெடுத்துக்கொள்ளாதிருக்க வேண்டும் என்பதே அதன் முதற்காரணம். நமது மாநிலத்தில் 1981-இல் பதிவான பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையமும் இதே மூன்று படிகளைக் கொண்டது. உங்களில் பலர் நாள்தோறும் பால் ஊற்றும் சங்கமே அதன் முதற்படி.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. கிராமச் சங்கம் பெருநகரத்தில் வெண்ணெய் விலையை நிர்ணயிப்பதில்லை. இணையமும் ஒரு மாட்டுக்காரரின் பாலை அளக்க வருவதில்லை. ஒவ்வொரு முடிவும் அதற்கு வேண்டிய அறிவு எங்கே இருக்கிறதோ அங்கே எடுக்கப்படுகிறது.

நமக்கு அண்மையிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறுத் திட்டத்தில் திருமூர்த்தி அணையின் கீழ் ஏறத்தாழ 3.77 இலட்சம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிந்து பாசனம் பெறுகிறது. எந்த மண்டலத்துக்கு எந்த நாள் முதல் எந்த நாள் வரை தண்ணீர் என்பதை அரசு ஆணையிட்டு அறிவிக்கிறது. அதை ஓர் ஊர் தானாக மாற்றிக்கொள்ள இயலாது. ஆனால் கிளைவாய்க்காலுக்குள் வந்த தண்ணீரை மடைக்கு மடை முறைவைத்துப் பாய்ச்சுவதை உழவர் சங்கமே கவனிக்கிறது. 2000-ஆம் ஆண்டில் நமது சட்டமன்றம் இயற்றிய பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இந்தப் பொறுப்பை முறைப்படி அளித்தது. மண்டலத்தின் முறையை மடையில் நின்று முடிவு செய்ய முடியாது. மடையின் முறையைச் சென்னையில் அமர்ந்து முடிவு செய்ய முடியாது.

எந்த முடிவு எவருடையது?

இதை நமது உழவர் நிறுவனங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, ஊர்க் குழுவின் முடிவுகள். எந்தத் தோப்பில் எத்தனை காய் எந்த நாளில் வெட்டலாம், பட்டறையில் இருக்கும் சின்ன வெங்காயம் எத்தனை மூட்டை, எவர் சரக்கு முதலில் ஏறவேண்டும், வண்டி எந்த நேரத்தில் வரவேண்டும் ஆகியவை ஊரின் பொறுப்பு. மலையடிவாரத்து ஊர்களில் யானை நடமாட்டம் இருக்கும் நாட்களில் விடியுமுன் ஆட்களையும் வண்டியையும் தோட்டத்துக்குள் அனுப்பலாகாது. இன்று அனுப்பலாமா என்பது இக்கரைப் போளுவாம்பட்டியில் இருப்பவருக்குத் தெரியும். நகரத்துச் சந்தை எத்தனை மணிக்குக் கூடினாலும், இதில் ஊரின் சொல்லே இறுதிச் சொல்லாக இருத்தல் வேண்டும். இது ஆளின் உயிரைப்பற்றிய செய்தி.

இரண்டாவது, அலுவலகத்தின் முடிவுகள். வியாபாரியோடு விலை பேசுவது, வண்டியை ஏற்பாடு செய்வது, பணத்தை வசூலித்து உரிய நாளில் உழவர் கணக்கில் சேர்ப்பது ஆகியவை முதன்மைச் செயல் அலுவலரின் பொறுப்பு. விலை பேசும்போது ஒவ்வோர் ஊரின் இசைவையும் கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரி காத்திரார். ஆகவே இவ்வளவு விலைக்குக் குறையாமல், இவ்வளவு சரக்குக்கு மேற்படாமல் என்று இயக்குநர் குழு முன்னதாக எல்லை வகுத்துக் கொடுக்கவேண்டும். அந்த எல்லைக்குள் அவர் எவரையும் கேளாமல் முடிவு செய்யலாம். எல்லையைக் கடக்க நேர்ந்தால் அன்றே கேட்கவேண்டும்.

மூன்றாவது, இயக்குநர் குழுவின் முடிவுகள். கடன் வாங்குவது, கிட்டங்கி கட்டுவது, இயந்திரம் வாங்குவது, புதிய ஊரைச் சேர்ப்பது, ஊர்களுக்கிடையே முறை வகுப்பது ஆகியவை அவர்களுக்கே உரியவை. ஓர் ஊர் மட்டும் செய்து மற்ற ஊர்களைக் கட்டுப்படுத்தக்கூடிய முடிவு எதுவும் தனி ஊரிடம் இருத்தல் கூடாது.

இந்த மூன்று பட்டியல்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வோர் ஊரின் சேகரிப்பு மையத்திலும் அனைவரும் பார்க்கும்படி ஒட்டிவைக்கவேண்டும். ஒரு முடிவு எவருடையது என்ற ஐயம் எழுந்தால், வாய்ச்சண்டைக்கு இடமில்லாமல் அந்தத் தாளே விடை சொல்லும்.

செய்தி இருவழியாகச் செல்லவேண்டும்

பொறுப்பைப் பிரித்தால் மட்டும் போதாது. பிரிந்தவை சேரவும் வேண்டும். அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் செய்தி பரிமாறும் வழக்கம் தேவை. மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் ஒவ்வோர் ஊர்க் குழுவும் மூன்று செய்திகளை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்: நாளை எவ்வளவு சரக்கு ஆயத்தம், அடுத்த ஏழு நாட்களில் எவ்வளவு வரும், ஆள் அல்லது வண்டியில் தடை ஏதேனும் உண்டா. அலுவலகம் அன்றிரவே மூன்று செய்திகளைத் திருப்பிச் சொல்லவேண்டும்: இன்று விற்ற விலை என்ன, நாளை எந்த ஊரிலிருந்து எவ்வளவு ஏறுகிறது, சென்ற சரக்கின் பணம் என்று வரும்.

செல்பேசி எல்லோர் கையிலும் இருக்கும் இக்காலத்தில் இது கடினமன்று. ஆனால் செல்பேசியில் வரும் நூறு செய்திகளுக்கிடையே முடிவு எது, பேச்சு எது என்று தெரியாமற் போவதும் உண்டு. ஆதலின் முடிவை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளிட்டு எழுதும் வழக்கத்தைக் கைவிடலாகாது. என்ன முடிவு, எவர் செய்தார், எந்த நாளுக்குள் எவர் நிறைவேற்றவேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஓர் ஊர் இளநீரைக் குலையாகவும், மற்றோர் ஊர் எண்ணிக்கையாகவும், வேறோர் ஊர் வண்டியாகவும் கணக்குச் சொன்னால், ஆயிரம் செய்தி வந்தும் பயனில்லை. முதல் தரம் என்று ஓர் ஊர் சொல்வதையே மற்றோர் ஊரும் முதல் தரம் என்று சொல்லவேண்டும். இதற்காக எல்லா ஊர்க் குழுவினரும் ஒரே களத்தில் கூடி, சரக்கைக் கண்முன் வைத்துத் தரம் பிரித்துப் பழகுவது நலம்.

கடைமடை ஊரின் நியாயம்

இனி, மிகவும் நுட்பமான ஒரு பொருளுக்கு வருவோம். வண்டி ஒன்றே இருந்து, சரக்கு மூன்று ஊர்களில் இருந்தால், எந்த ஊருக்கு முதலிடம்? சாலையோரத்து ஊரில் சுமை ஏற்றுவது எளிது, செலவும் குறைவு. ஆகவே அலுவலகம் நாள்தோறும் அங்கேயே செல்ல விரும்பும். மலையடிவாரத்து ஊர் எப்பொழுதும் கடைசியாகிவிடும். வாய்க்காலில் கடைமடைக்காரர் படும் துன்பத்தை நீங்கள் அறிவீர்கள். நிறுவனத்திலும் கடைமடை உண்டு.

இதற்கு நாம் கூறும் வழி, நெருக்கடி வருமுன்பே முறை வகுத்துக்கொள்வது. இந்த வாரம் முதலிடம் பெற்ற ஊர் அடுத்த வாரம் இறுதியில் நிற்கட்டும். தொலைவிலுள்ள ஊரின் கூடுதல் வண்டிச்செலவை அந்த ஊரே சுமப்பதா, எல்லோரும் பகிர்ந்து சுமப்பதா என்பதை இயக்குநர் குழு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்து அறிவிக்கட்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதற்குக் காரணம் சொல்லலாம். எதையும் தேராமல் அன்றன்று ஆளைப் பார்த்து முடிவு செய்வதற்கு மட்டும் காரணம் சொல்ல இயலாது.

இயக்குநராக அமரும் அன்பர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் உங்கள் ஊரின் குறையை எடுத்துச் சொல்லவே அங்கே செல்கிறீர்கள். அது உங்கள் கடமை. ஆனால் எல்லா ஊர்களின் குறையும் கேட்டு முடிவான பின், அதை உங்கள் ஊருக்கு எடுத்துச் சொல்வதும் உங்கள் கடமையே. முடிவு தம் ஊருக்குச் சாதகமாக இல்லாதபோது, "அவர்கள் செய்துவிட்டார்கள்" என்று ஊரில் வந்து சொல்லுதல் தகாது. "நாம் முடிவு செய்தோம், காரணம் இது" என்று சொல்லுகிற இயக்குநராலேயே நிறுவனம் நிலைக்கும்.

கூட்டங்கள் பயன்பட வேண்டும்

இயக்குநர் குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும், ஆண்டில் நான்கு முறையேனும் கூடவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆண்டுப் பேரவைக்கு 14 நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்பு வேண்டும். மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கினர் வந்தால்தான் பேரவை செல்லும். ஆயிரம் உறுப்பினர் எனில் 250 பேர்! வேலை நாளில் இத்தனை பேரை ஓரிடத்தில் கூட்டுவது எளிதன்று. கூட்டினாலும் அத்தனை பேரும் பேச இயலாது. எனவே பேரவைக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிறு கூட்டம் நடத்தி, வரவு செலவை வாசித்துக் காட்டி, ஊரின் கேள்விகளை எழுதி வாங்கவேண்டும். பேரவையில் அக்கேள்விகளுக்கு வரிசையாக விடை சொல்லவேண்டும். அவ்வாறு செய்தால் வருபவருக்குத் தம் சொல் கேட்கப்படும் என்ற நம்பிக்கை இருக்கும். அடுத்த ஆண்டு அழையாமலே வருவார்.

ஊராட்சிகள் செய்யக்கூடியது

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. நிறுவனத்தின் கொள்முதலிலோ விலையிலோ ஊராட்சி தலையிடுதல் வேண்டா. அது உறுப்பினர்களின் தனிச் சொத்து. ஆனால் தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரை வண்டி வருவதற்கேற்ற பாதை, சேகரிப்பு மையத்தில் விளக்கு, குடிநீர் ஆகியவை ஊராட்சியின் கவனத்துக்கு உரியவை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் இத்தேவைகளை எழுப்பினால் நமது ஒன்றிய அலுவலகம் விதிகளுக்கு உட்பட்டு ஆவன செய்ய இயலும்.

நாம் இதைச் சொல்வதற்கு நமது துறையின் வரலாறே காரணம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, வேளாண்மை, கால்நடை, கூட்டுறவு என்று தனித்தனியே கிராமத்துக்கு வந்த அதிகாரிகளை ஒரே வட்டாரத்தின் கீழ் இணைத்தார்கள். அலுவலர்கள் ஒன்றுபட்டார்கள், ஆயினும் மக்கள் அதைச் சர்க்கார் வேலை என்றே பார்த்து நின்றார்கள். 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு அக்குறையை எடுத்துக்காட்டி, முடிவு செய்யும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களுக்குச் செல்லவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து 1958-இல் சென்னை ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பெற்று, ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. மேலே எல்லோரும் ஒன்றுபட்டாலும், கீழே இருப்பவர் கையில் ஒரு முடிவும் இல்லையெனில் காரியம் நடவாது என்பதே அன்று இந்நாடு கற்ற பாடம். உழவர் நிறுவனங்களும் அதைப் புதிதாக விலைகொடுத்துக் கற்கவேண்டியதில்லை.

அன்பர்களே! ஊர் கூடித் தேர் இழுக்கும்போது எல்லோரும் வடம் பிடிக்கிறார்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் வேறாக இருக்கிறார். வடம் பிடிப்பவர் கட்டை போட ஓடுவதில்லை. கட்டை போடுபவர் குரல் கொடுத்தால் வடம் பிடித்தவர் அனைவரும் நிற்கிறார்கள். அவரவர் இடத்தை அவரவர் அறிந்திருப்பதால்தான் அத்தனை பெரிய தேர் நிலைக்கு வந்து சேர்கிறது.

நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் செய்யவேண்டியதாக ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தாளை எடுத்து, ஊரின் முடிவு எவை, அலுவலகத்தின் முடிவு எவை, இயக்குநர் குழுவின் முடிவு எவை என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். எழுதும்போது கருத்து வேற்றுமை எழும், எழட்டும். லாரி வந்து நிற்கும்போது எழும் வேற்றுமையைக் காட்டிலும், தாளின் முன் எழும் வேற்றுமை மலிவானது.